எடை தாண்டிய வழக்கு

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முகம்மது அலி சென்னைக்கு வந்து, பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில், ஜிம்மி எல்லிஸ் என்னும் தம் பழைய தோழரோடு கண்காட்சிச் சண்டை நிகழ்த்தினார். அன்று மேடையில் நின்ற இருவருமே எடைப் பிரிவின் எல்லையைத் தாண்டி வந்தவர்கள் என்பதைக் கூடியிருந்த ஜனங்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்களோ! அலி 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றது 81 கிலோவுக்கு உட்பட்டவர்களின் பிரிவில். எல்லிஸோ, 160 ராத்தலுக்கு மேற்படாத மிடில்வெயிட்டாகத் தொழிலை ஆரம்பித்து, நாளடைவில் உடம்பு திரண்டு, 1968-இல் உலக ஹெவிவெயிட் பட்டங்களில் ஒன்றைக் கைப்பற்றியவர்.

ஆவடியிலோ அம்பத்தூரிலோ ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால், பெரியமேடு நடந்துபோகும் தூரந்தான். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் 1856-இல் திறக்கப்பட்ட இருப்புப்பாதை, கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர் எஸ்டேட்டும் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, இந்த மேற்குப் புறநகர்களை வடசென்னையோடு பிணைத்துவிட்டது. சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பிரிந்து, கித்தேரி முத்து போன்ற வீரர்களைத் தந்த 'ரோசமான குத்துச்சண்டை' நடந்த வட்டாரம், ஆகவே, இவ்வூர்களுக்கு அந்நியமன்று.

குத்துச்சண்டை அபிமானிகள் கூடுமிடமெல்லாம் எழும் தீராத விவாதம் ஒன்றுண்டு: வெவ்வேறு எடையில் சாம்பியன்களாக விளங்கும் இருவரை ஒரே மேடையில் ஏற்றினால் ஜெயம் யாருக்கு? லண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் 1909-இல் எட்டு எடைப் பிரிவுகளை வகுத்தது, பலவானிடம் மெலிந்தவன் அநியாயமாக அடிபடக்கூடாது என்னும் உத்தேசத்தால். ஆனால், சண்டைக்காரர்கள் ஒப்புக்கொண்ட அந்த நியாயத்தை ரசிகர்கள் இன்றுவரை முழுமனத்தோடு ஒப்புக்கொண்டதில்லை.

இவ்விவாதத்துக்குச் சரித்திரம் அளித்த விடைகளுள், கத்திரி வெயிலை அறிந்த நமக்கு நன்கு விளங்கக்கூடியது ஒன்று. 1952 ஜூன் 25-ஆம் தேதி, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில், 104 டிகிரி என்று சொல்லப்பட்ட வெப்பத்தில், மிடில்வெயிட் சாம்பியனான சுகர் ரே ராபின்சன், தம்மைவிட ஏறக்குறைய 16 ராத்தல் கனத்த லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மாக்சிமை எதிர்த்தார். நடுவர் ரூபி கோல்ட்ஸ்டீனே 10-ஆம் ரவுண்டுக்குப் பின் வெப்பம் தாளாமல் விலக, வேறொருவர் அவரிடத்துக்கு வந்தார். நடுவர்களின் கணக்கில் முந்தி நின்ற ராபின்சன், 13-ஆம் ரவுண்டில் வீசிய குத்து காற்றில் போக, தாமே குப்புற விழுந்தார். 14-ஆம் ரவுண்டுக்கு மணி அடித்தபோது முக்காலியை விட்டு எழ அவரால் முடியவில்லை. மாக்சிம் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை; பிணைந்தும் சாய்ந்தும் தம் பாரத்தை ராபின்சன்மீது சுமத்தினார், அவ்வளவே.

1941-இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயியை எதிர்த்த லைட் ஹெவிவெயிட் வீரர் பில்லி கானும் 12 ரவுண்டுகள் சாமர்த்தியமாக ஆடி, 13-இல் வீழ்ந்தார். 1985-இல் லாரி ஹோம்ஸை வென்ற மைக்கேல் ஸ்பிங்க்ஸே, லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்துகொண்டே ஹெவிவெயிட் பட்டத்தைப் பறித்த முதல்வர். அவரும் உடம்பை ஏறத்தாழ 200 ராத்தலுக்கு ஏற்றிக்கொண்ட பிறகே அதைச் சாதித்தார்.

ஆவடியை அடுத்த கர்லப்பாக்கத்தில் பிறந்த பா. இரஞ்சித் 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' படத்தை எடுத்த பின்னர், இந்த வழக்கு நம் பக்கத்துக்கே உரிய உருவில் வரலாயிற்று: அப்படத்தில் துள்ளி விளையாடும் டான்சிங் ரோஸும், உடற்கட்டில் பெரியவனான வேம்புலியும் மோதினால்? இருவரும் இடியப்ப பரம்பரையினர். பரம்பரையோடு பரம்பரை மோதுவதே அவ்விளையாட்டின் தர்மமாகையால், எடையை மன்னித்தாலும் அந்தச் சண்டை நடக்க வழியில்லை. நடந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ரோஸின் கட்சிக்காரர்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்: முதல் ஐந்து ரவுண்டு ரோஸுக்கு, ஆட்டம் வேம்புலிக்கு.