நீலமும் வெண்மையும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் மாதச் சாமான் வாங்கச் செல்லும் நாம், சலவைப் பொருள்கள் அடுக்கியுள்ள தட்டின் முன் சற்றே நின்று பார்த்தால் ஒரு விந்தை புலனாகும். துணியை வெளுப்பதற்கென்று விற்கப்படுவனவற்றுள் பல நீலமாகவோ, பால்போன்ற வெண்ணிறமாகவோ இருக்கின்றன. அழுக்கைப் போக்குவது சவுக்காரம். அதற்கு நிறம் எதற்கு? விடையின் ஒரு பாதி ஐரோப்பாவிலும், மறுபாதி நமது கடற்கரை மணலிலும் கிடக்கிறது.

முதலில் நீலத்தைக் காண்போம். பருத்தித் துணி நாளடைவில் பழுப்பேறும். அழுக்கு நீங்கிய பின்னரும் மஞ்சள் சாயல் நீங்குவதில்லை. துணியின் மீது விழும் ஒளியில் நீலப் பகுதியை அது விழுங்கிவிடுவதே காரணம். சிறிதளவு நீலம் கலந்த நீரில் துணியை அலசினால், அந்நீலம் மஞ்சள் ஒளியைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும்; எல்லா ஒளியும் சமனாகும். உண்மையில் துணி திருப்பி அனுப்பும் ஒளி முன்னிலும் சற்றுக் குறைந்தே போகிறது. எனினும் நம் கண் அதனையே தூய வெண்மை என்று கொள்கிறது. நீலம் அழுக்கைப் போக்குவதன்று, கண்ணுக்கு நிறைவளிப்பதேயாம்.

முற்காலத்தில் அவுரிச் செடியின் சாயமே இதற்குப் பயன்பட்டது. ஓவியர்கள் போற்றிய மற்றொரு நீலம் ஆப்கானிய மலைகளில் கிடைத்த நீலக்கல்லை அரைத்துப் பெறப்பட்டது; பொன்னுக்கு நிகராக விலை போயிற்று. அதனைச் செயற்கையாக ஆக்கித் தருவோர்க்கு 6,000 பிராங்கு பரிசென்று 1824-இல் பிரான்சு நாட்டுச் சங்கமொன்று அறிவித்தது. கீமே என்னும் இரசாயன அறிஞர் 1826-இல் அதனைச் செய்து முடித்து, 1828-இல் பரிசு பெற்றார். அரசர்க்குரிய நிறம் அதன்பின் மலிந்து, சலவைத் தொட்டிக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அந்நீலப்பொடி நீரில் கரைவதில்லை. துணியில் திட்டுத்திட்டாகப் படிந்துவிடும். இக்குறை நீங்க, கரையும் சாயத்தால் ஆன ஊதாத் திரவத்தை 'உஜாலா' என்னும் பெயரில், திருச்சூரை அடுத்த கண்டாணச்சேரியிலிருந்து எம். பி. இராமச்சந்திரன் விற்கத் தொடங்கினார். அவர் தொழில் தொடங்கிய ஆண்டு 1983.

இனி, சோப்பின் வெண்மைக்கு வருவோம். எண்ணெயும் காரமும் கூடிப் பிறக்கும் சோப்பு இயல்பில் மங்கிய மஞ்சள் நிறமுடையது. அதனைப் பால்வெண்மையாக்கச் சிறிதளவு சேர்க்கப்படும் பொருள் டைட்டானியம் டை ஆக்சைடு. தன்மேல் விழும் ஒளி முழுவதையும் சிதறடிப்பதில் அதற்கு ஈடான பொருள்கள் மிகச் சிலவே. இப்பொருள் பிறப்பதோ கருமணலில்!

1909-இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை அறிந்தார். எரிவாயு விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. உடனே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தோன்றியது. அதே மணலில் மிகுதியாகக் கலந்திருந்த இல்மனைட் முதலில் மதிப்பற்றதாக ஒதுக்கப்பட்டது. டைட்டானியத்தின் அருமை தெரிந்த பின்னர், 1920-களிலிருந்து அதுவும் கப்பலேறியது. நம் கரையின் கருமணலை வெளிநாட்டார் வாங்கிச் சென்றனர். அதிலிருந்து எடுத்த வெண்மையை நமக்கே விற்றனர்.

இந்நிலையை மாற்றும் பொருட்டு, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில், சர் சி. பி. இராமசாமி ஐயர் திவானாக இருந்த காலத்தில், 1946-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இடம் திருவனந்தபுரத்துக் கொச்சுவேளி. இல்மனைட்டின் கருமைக்குக் காரணம் அதிலுள்ள இரும்பு. கந்தகத் திராவகத்தில் கரைத்து இரும்பைப் பிரித்து, எஞ்சியதைச் சூளையிலிட்டுச் சுட்டால் வெண்பொடி கிடைக்கும். பிரிந்த இரும்போ பச்சை நிற அன்னபேதியாகவும், அமிலக் கழிவாகவும் வெளிப்படும். அக்கழிவு நெடுங்காலம் வேளிக் கடலில் விடப்பட்டு வந்தது. கடலின் நிறம் மாறுவதையும், மீன்வளம் குன்றுவதையும் கண்டு கரையோர மீனவர் முறையிட்டனர். நம் வீட்டில் வெண்மையாய் நிற்பதன் கறை, பிறர் வாழ்வாதாரமான கடலில் படிந்தது என்பதை நாம் மறத்தல் தகாது.

1956 நவம்பர் 1-ஆம் நாள் மணவாளக்குறிச்சி சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நடுவே வந்தாலும், இரு புறத்துக் கரையும் ஒரே கருமணலே. பிழைப்பை நாடி இங்கு வந்து தங்கிய நம்மவர் இல்லங்களிலும் வேட்டிக்கு நீலம் போடும் வழக்கம் மாறவில்லை. நிறம் கண்ணுக்கு, தூய்மை சவுக்காரத்துக்கும் நீருக்கும் உரியது. இவ்வேறுபாட்டை உணர்ந்து, பளிச்சிடும் நிறத்திற்காக மிகை விலை கொடாமலும், தேவைக்கு மேல் கொட்டாமலும் இருப்பது நமது பணப்பைக்கு நலம், கடலுக்கும் நலம்.