சுடுகாட்டுக்குள்ளே ஏன் ஒரு காடு?

சுடுகாடு, இடுகாடு, முதுகாடு, புறங்காடு. செத்தவர்களுக்கு ஒதுக்கிய இடத்துக்குத் தமிழில் இருக்கிற பேர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்க. எல்லாமே காட்டில் போய்த்தான் முடியுது. ஊர் எல்லைக்கு வெளியே, ஏர் ஓட்டாத, வீடு கட்டாத, பொழுது சாய்ந்தால் யாரும் போகாத இடம். மரம் வெட்டப் போறவனுக்கும் ஒரு பயம் இருக்கும். ஃபாரஸ்ட் கார்டு வேலையை அங்கே பேய்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்று சொன்னாலும் தப்பில்லை :-)

மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்று ஒரு காதையே இருக்கு. புகார் நகரத்துச் சுடுகாட்டைப் பற்றியது. சுற்று மதில், நாலு வாசல் என்று ஆரம்பித்து, அங்கே நின்ற மரங்களையும் பேர் பேராகச் சொல்கிறார் சாத்தனார். வன்னி, தான்றி, சூரை, கள்ளி என்று பட்டியல் போகுது. பிணமும் பேயும் ஒரு பக்கம் இருக்க, அது ஒரு தோப்பாகவும் இருந்திருக்கு. ஆக, 'கல்லறைத் தோட்டம்' என்ற எண்ணம் வெள்ளைக்காரன் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தது இல்லை. அவன் கொண்டுவந்தது வேற ஒண்ணு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

நான் பூந்தமல்லிக்காரன். எங்க ஊரிலிருந்து பரங்கிமலைக்குப் போகிற ரோட்டுக்கு மவுண்ட்-பூந்தமல்லி ரோடு என்று பேர். இன்றைக்கு அது ஐ.டி. கம்பெனி, ஆஸ்பத்திரி, மெட்ரோ தூண், டிராஃபிக் ஜாம். அந்தக் காலத்தில் அது இரண்டு ராணுவ முகாம்களை இணைத்த சாலை. பரங்கிமலையில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையகம். இந்தப் பக்கம் பூந்தமல்லியில் கன்டோன்மென்ட்; கப்பலிலிருந்து இறங்கிய புது சோல்ஜர்களும், உடம்பு தேற வேண்டியவர்களும் தங்கிய டிப்போ. கோட்டை போய், பட்டாளம் போய், கன்டோன்மென்ட் என்ற பேர் மட்டும் பஸ் கண்டக்டர் வாயில் தங்கிவிட்டது.

முகாம் என்று ஒன்று இருந்தால் பக்கத்திலேயே ஒரு கல்லறையும் இருக்கும். 19-ம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார சோல்ஜர்களில் சண்டையில் செத்தவர்களைவிட காலராவிலும் காய்ச்சலிலும் போனவர்கள்தான் அதிகம். அதனால் தென்னிந்தியா முழுக்கக் கன்டோன்மென்ட் கல்லறைகள் முளைத்தன. பட்டாளம் கிளம்பிப் போன பிறகு அவற்றை யார் பார்ப்பது? கேள்வியே அங்கேதான் ஆரம்பிக்குது.

இதே ரோட்டில் போரூர் தாண்டி நந்தம்பாக்கம் வாங்க. மெட்ராஸ் வார் சிமெட்ரி. எத்தனை தடவை பஸ்ஸில் கடந்திருப்போம்! உள்ளே போனால் வெட்டி விட்ட புல்வெளி, வரிசை தப்பாத கல்லறைக் கற்கள், பெரிய மரங்கள். 1952-ல் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேர் இங்கே இருக்கிறார்கள்.

இவர்களில் பலரை முதலில் இங்கே புதைக்கவில்லை. தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் பல ஊர்க் கல்லறைகளில், கன்டோன்மென்ட் கல்லறைகளில் புதைத்தார்கள். அந்த இடங்களை நிரந்தரமாகப் பராமரிக்க முடியும் என்ற உத்தரவாதம் இல்லை என்று முடிவு செய்து, தோண்டி எடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். முதல் உலகப் போரில் செத்தவர்களுக்கு அதுகூட நடக்கவில்லை. அவர்கள் இந்தியாவில் அங்கங்கே பராமரிக்க முடியாத கல்லறைகளில் கிடக்க, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர் மட்டும் நந்தம்பாக்கத்து நினைவுச் சின்னத்தில் பொறித்திருக்கிறது. உடம்பு ஓர் ஊரில், பேர் இன்னோர் ஊரில்.

நந்தம்பாக்கத்துப் பச்சையைப் பார்த்து நாம் ஆஹா என்கிறோம். ஆனால் அந்த ஒரு தோட்டத்துக்குப் பின்னாடி, 'இனி முடியாது' என்று கைவிட்ட எத்தனையோ தோட்டங்கள் இருக்கு.

சரி, இது மட்டும் எப்படித் தாக்குப் பிடிக்குது? ரகசியம் ஒன்றுமில்லை. ஆளும் பணமும் விதியும். 1917-ல் ஆரம்பித்த போர்க் கல்லறை ஆணையம் இதைப் பார்த்துக்கொள்கிறது. பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, இந்தியா என ஆறு நாடுகள் தங்கள் நாட்டுக் கல்லறைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பச் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆரம்பத்திலேயே லண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து ஆர்தர் ஹில் என்பவரை ஆலோசனைக்குக் கூப்பிட்டார்கள். கல்லின் அடியில் குட்டைச் செடி வைப்பது அழகுக்கு மட்டும் இல்லை. மழை அடிக்கும்போது சேறு தெறித்துப் பெயர் மறைந்துவிடக் கூடாது, அதுக்குத்தான்!

ரொம்பப் புகழ்ந்துவிடவும் வேண்டாம். பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மரியாதை என்பது அந்த ஆணையத்தின் கொள்கை. ஆனால் முதல் உலகப் போரில் செத்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள் விஷயத்தில் அது கடைப்பிடிக்கப்படவில்லை, பல்லாயிரம் பேருக்குப் பேர்கூடப் பொறிக்கவில்லை என்று 2021-ல் அவர்களே அறிக்கை வெளியிட்டு மன்னிப்பும் கேட்டார்கள். எந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்பதிலும் அரசியல் இருக்கு சாமி.

பராமரிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. ஜார்ஜ் டவுனில், பழைய சட்டக் கல்லூரி வளாகம் இருக்கும் இடம்தான் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு. 'கொய்யாத் தோட்டம்' என்று அதுக்குப் பேர். 1758-59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவன் ஆட்கள் அங்கிருந்த பெரிய பெரிய கல்லறைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சண்டை போட்டார்கள். முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர் செய்த முதல் காரியம், கல்லறைகளை இடித்துத் தள்ளியது. கல்வெட்டுக் கற்களைக் கோட்டைக்குள் தூய மரியாள் தேவாலயத்தைச் சுற்றித் தளமாகப் பதித்தார்கள். இன்றைக்கும் அதன் மேலேதான் நடக்கிறோம்.

தப்பியவற்றில் முக்கியமானது ஜோசப் ஹின்மர்ஸ் கல்லறை. எலைஹு யேல் தெரியுமில்லையா, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் யார் பேரில் இருக்கோ அவர், மெட்ராஸ் கவர்னர். அவர் கல்யாணம் செய்துகொண்டது ஹின்மர்ஸின் விதவை மனைவியை. சின்ன வயதிலேயே இறந்த மகன் டேவிட்டையும் அங்கேயே அடக்கம் செய்தார். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இதை, வாகன நிறுத்தக் கட்டடத்துக்கு இடைஞ்சல் என்ற வழக்கில், வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். சட்டம் பேச நான் வரவில்லை. கார் நிறுத்த இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது கல்லறைதான் என்பதை மட்டும் கவனியுங்க.

மற்ற ஊர்களில் கதை வேறு மாதிரியும் போயிருக்கு. பாரீஸில் 1804-ல் திறந்த பெர் லாஷேஸ், அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்தில் 1831-ல் திறந்த மவுண்ட் ஆபர்ன் இரண்டும் தோட்டமாகவே திட்டமிட்ட கல்லறைகள். மவுண்ட் ஆபர்னுக்கு ஜனங்கள் குடும்பத்தோடு உலாவப் போனார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான், நகரத்துக்குள் பொதுப் பூங்கா வேண்டும் என்ற பேச்சே அங்கே வலுத்தது. அதாவது பூங்காவுக்கு அண்ணன் கல்லறை! நம்ம நாட்டிலும் கொல்கத்தாவில் 1767-ல் திறந்த சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறையை இன்றைக்கு டிக்கெட் வாங்கிப் போய்ப் பார்க்கிறார்கள்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். புறநகரில் ஏரி வீட்டுமனை ஆச்சு, வயல் கல்யாண மண்டபம் ஆச்சு. ஊர்ச் சுடுகாடும் கபர்ஸ்தானும் கல்லறைத் தோட்டமும்தான், விற்க முடியாத காரணத்தால், மிச்சம் இருக்கிற திறந்த மண். மழைத் தண்ணீர் இறங்க ஒரு வழி, கிளிக்கும் மைனாவுக்கும் ஒரு மரம். ஆனால் 'சீரமைப்பு' என்று வந்தால் முதலில் இறங்குவது பேவர் பிளாக் லாரி. எரிவாயு தகன மேடை வேண்டியதுதான், ஒரு சொல் மறுப்பதற்கில்லை. அதைச் சுற்றி இருக்கிற மண்ணையும் சிமென்ட் போட்டு மூடணுமா?

இன்னொரு சங்கடமும் உண்டு. சாதிக்கு ஒரு சுடுகாடு என்ற அசிங்கம் இன்னும் பல ஊரில் ஓயவில்லை. பழசைக் காப்பாற்றுவோம் என்று கிளம்பி அந்தச் சுவரையும் சேர்த்துக் காப்பாற்றிவிடக் கூடாது. மரம் இருக்கட்டும், சுவர் போகட்டும்.

1905-ல் ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். கல் போனாலும் எழுத்து தப்பியது. நம்மால் புத்தகம் போட முடியாவிட்டாலும் ஒரு நோட்டுப் புத்தகம் எடுக்கலாம். உங்க ஊர் இடுகாட்டில் எத்தனை மரம், என்ன மரம், பழைய கல் ஏதாவது இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் குறித்துவையுங்க. அடுத்த தடவை நகராட்சியில் 'அங்கே ஒண்ணுமே இல்லை சார், வெறும் பொட்டல்' என்று சொன்னால், எடுத்து நீட்ட ஒரு பட்டியலாவது கையில் இருக்கும்.