வின்ச் இழுக்கும், ஆனா பிடிச்சு வைக்காது! படகை வண்டியில ஏத்துறவங்க தெரிஞ்சுக்க வேண்டியவை

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லை, தூத்துக்குடி மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள்ள வந்துடுச்சு. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோட நின்னுபோச்சு. அப்போ மொட்டை மாடியில நின்னவங்களை மீட்க, கடற்கரை ஊர்கள்லருந்து மீனவர்கள் தங்களோட படகுகளை லாரியில ஏத்திக்கிட்டு வந்தாங்க. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல கேரளாவிலும் இதேதான் நடந்தது.

தண்ணியில இறங்கினதுக்கு அப்புறம் அந்தப் படகுகள் செஞ்ச வேலை எல்லாருக்கும் தெரியும். ஆனா கடலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவுல இருக்குற அந்த ரோட்டுப் பயணத்தைப் பத்தி யாரும் பேசுறதில்லை. கடல்ல படகை ஓட்டத் தெரிஞ்ச கைகளுக்கே, அதை ஒரு வண்டியில ஏத்தி இறக்குறது வேற வேலை. கை போறதும், கால் நசுங்குறதும், படகு நடுரோட்டுல சரியுறதும் இந்த இடத்துலதான்.

திசையன்விளை பக்கம் இருக்குறவங்களுக்கு இது தூரத்து விஷயமே இல்ல. உவரி, கூடுதாழை, இடிந்தகரை, கூத்தங்குழின்னு பக்கத்துலயே கடற்கரை ஊர்கள். மணல்ல ஏத்தி வைக்கிற ஃபைபர் படகுகள்தான் இங்கே அதிகம். புயல் எச்சரிக்கை வந்தா மேட்டுக்கு இழுக்கணும், ரிப்பேர்னா பட்டறைக்குக் கொண்டு போகணும், வெள்ளம்னா ஊருக்குள்ள போகணும். 2024 மே மாசம் 'கள்ளக்கடல்' எச்சரிக்கை வந்தப்போ தென்கோடிக் கடற்கரை முழுக்க உஷார்படுத்தப்பட்டது ஞாபகம் இருக்கும். இந்த மாதிரி நேரத்துல எல்லாப் படகையும் ஒரே சமயத்துல, அவசரமா நகர்த்தணும். அவசரம்தான் விபத்தோட முதல் காரணம்.

வின்ச் தூண்னா என்ன?

படகு டிரெய்லரோட முன்பக்கம், வண்டியில மாட்டுற இரும்புத் தண்டு மேல, இடுப்பு உயரத்துல ஒரு தூண் நிக்கும். அதுல கைப்பிடி வெச்ச ஒரு உருளை. அதுல சுத்தியிருக்குற பெல்ட்டையோ கம்பிக் கயிறையோ படகோட முன் வளையத்துல மாட்டி, கைப்பிடியைச் சுத்தினா படகு மெதுவா டிரெய்லர் மேல ஏறும். அந்த உருளைதான் வின்ச். அதைத் தாங்குறது வின்ச் தூண். தூணோட நெத்தியில ஒரு ரப்பர் கட்டை இருக்கும். படகோட அணியம், அதாவது முன்மூக்கு, அதுல வந்து முட்டி நிக்கும்.

இந்தத் தூணுக்கு ரெண்டே வேலை. ஒண்ணு, படகை இழுத்து ஏத்துறது. ரெண்டு, இதுக்கு மேல முன்னாடி வராதேன்னு நிறுத்துறது. ரோட்டுல போகும்போது படகை மொத்தமாப் பிடிச்சு வைக்கிறது இதோட வேலை இல்ல. பலரும் வின்ச் கொக்கியை மாட்டிட்டு, "அதான் கட்டியாச்சே"ன்னு கிளம்பிடுறாங்க. தப்பு ஆரம்பிக்கிறது இங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் எடை உள்ள படகுன்னு வெச்சுக்கோங்க. டிரைவர் பலமா பிரேக் போட்டா, அந்தப் படகு முன்னாடி நோக்கி சுமார் 600 கிலோ எடைக்குச் சமமான விசையில தள்ளும். அது மொத்தமும் ஒரு தூண்லயும் அதோட அடியில இருக்குற நாலு போல்ட்லயும் இறங்கினா என்ன ஆகும்? தூண் சாயும். படகோட மூக்கு வண்டியோட பின்பக்கத்தைக் குத்தும்.

தூண் ஏன் உடையுது?

* உள்ளுக்குள்ள துரு: வெளியே பெயின்ட் பளபளன்னு இருக்கும். குழாய்க்குள்ள உப்புத்தண்ணி தேங்கி, உள்ளேருந்து அரிச்சிருக்கும். சுத்தியலால லேசா தட்டிப் பாருங்க. 'டங்'னு கேட்டா நல்லது. 'தொப்'புனு மந்தமா கேட்டா சந்தேகப்படுங்க.

* வெல்டிங் விரிசல்: தூண் அடியில சேருற இடத்துலதான் அழுத்தம் அதிகம். அங்கே முடி மாதிரி ஒரு கோடும், அதுலருந்து துருக்கறை வழிஞ்ச தடமும் தெரிஞ்சா, அது விரிசல். மேல பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க.

* தளர்ந்த யு-போல்ட்: மேடு பள்ளத்துல குலுங்கிக் குலுங்கி நட்டு கழலும். தூணைக் கையால ஆட்டிப் பாருங்க. ஆடவே கூடாது.

* இன்ஜினை ஓட்டிக்கிட்டே ஏத்துறது: தண்ணிக்குள்ள நிக்கிற டிரெய்லர் மேல படகை வேகமா ஓட்டி முட்ட வைக்கிறது சிலருக்குப் பழக்கம். ஒவ்வொரு முட்டும் தூணுக்கு ஒரு சம்மட்டி அடி.

* உயரம் பொருந்தாதது: ஒரு படகுக்குச் செஞ்ச டிரெய்லர்ல வேற படகை ஏத்தினா, வளையம் ஒரு உயரத்துல, வின்ச் ஒரு உயரத்துல இருக்கும். இழுவை நேரா இல்லாம கோணலா விழும். ஏறி முடிச்சதும் முன் வளையம் ரப்பர் கட்டைக்குச் சற்றே கீழே நிக்கணும். அப்போதான் குலுங்கும்போது படகு தூண் மேல தாவாது.

* கணக்குல வராத எடை: படகுக்குள்ள நிக்கிற மழைத்தண்ணியை யாரும் எடைபோடுறதில்லை. 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துல வெறும் 10 சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே 400 லிட்டர், அதாவது 400 கிலோ! முதல்ல தண்ணியை இறைங்க. வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள் கேன் எல்லாத்தையும் இறக்குங்க.

கயிறு அறுந்தா சவுக்கு

தூணைவிட ஆபத்தானது இழுபட்ட கயிறு. நைலான் கயிறு ரப்பர் மாதிரி நீளும். நீளும்போது விசையைத் தனக்குள்ள சேர்த்து வைக்கும். அறுந்தாலோ, கொக்கி பிடுங்கினாலோ அவ்வளவும் ஒரு நொடியில சவுக்கா திரும்பும். அதோட நுனியில இரும்புக் கொக்கி இருந்தா அது வீசி எறிஞ்ச கல்லு மாதிரி. எலும்பு முறியறதுல ஆரம்பிச்சு உயிரே போகுற வரைக்கும் நடக்கும்.

அதனால சில விதிகளுக்கு விலக்கே கிடையாது. இழுபட்ட கயிறுக்கு நேர்கோட்டுல யாரும் நிக்கக் கூடாது. தாண்டவும் கூடாது. கயிறோட நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தள்ளி, பக்கவாட்டுல நில்லுங்க. கயிறு நடுவுல ஈரச் சாக்கைப் போட்டு வைங்க. அறுந்தாலும் அந்தச் சாக்கோட எடை கயிறைக் கீழே இழுக்கும். முடிச்சுப் போட்டு ஒட்டுன கயிறை இழுக்குறதுக்கு எடுக்காதீங்க. முடிச்சு விழுந்த இடத்துல கயிறோட பலம் பாதி வரைக்கும் குறையும். வெயில்ல வெளுத்து, நார் நாராப் பிரிஞ்சதும் வேணாம். கம்பிக் கயிறுன்னா தோல் கையுறை கட்டாயம்.

கை வின்ச் சுத்துறவங்களுக்கு ஒரு வார்த்தை. பல்சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்துற சின்ன இரும்பு நாக்கு, 'டக் டக்'னு விழுந்துகிட்டே இருக்கணும். பாரம் தொங்கும்போது அந்த நாக்கைத் தூக்கிவிட்டா, கைப்பிடி ராட்டினம் மாதிரி பின்னால சுத்தி மணிக்கட்டை முறிச்சிடும். உருளையில எப்பவும் குறைஞ்சது மூணு சுத்து மிச்சம் இருக்கணும்.

டிராக்டர்ல இழுக்கிறீங்களா?

நம்ம கடற்கரையில வின்ச்சைவிட டிராக்டர்தான் கைகொடுக்கும். அதுல ஒரே ஒரு விஷயம் உயிர் விஷயம். கயிறை டிராக்டரோட பின்னால, கீழ இருக்குற இழுவைக் கம்பியில மட்டும்தான் கட்டணும். சீட்டுக்குப் பின்னால, அச்சுக்கு மேல எங்கேயாவது கட்டினா, படகு மணல்ல சிக்கும்போது டிராக்டரோட முன்சக்கரம் எழும்பி, வண்டி அப்படியே பின்பக்கமா குப்புற விழும். டிரைவர் குதிக்கக்கூட நேரம் இருக்காது.

சடக்குனு கிளட்சை விட்டு வெட்டி இழுக்காதீங்க. கயிறு விறைக்கிற வரைக்கும் மெதுவா நகர்த்தி, அப்புறம் ஒரே சீரா இழுங்க. படகுக்கு அடியில பனந்தடி உருட்டிப் போடுறவங்க, படகு நகரும்போது கையையோ காலையோ அடியில விடக் கூடாது. படகு நின்ன பிறகுதான் அடுத்த தடியை வைக்கணும்.

ஏத்துறது எப்படி?

1. குரல் கொடுக்க ஒரே ஒரு ஆள். அவர் 'இழு'ன்னா இழுக்கணும். ஆனா 'நிறுத்து'ன்னு யார் கத்தினாலும் நிறுத்தணும். ஆளாளுக்குச் சத்தம் போட்டா டிரைவருக்கு எதுவும் கேட்காது.

2. வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வைங்க.

3. அவுட்போர்டு இன்ஜினைக் கழற்றித் தனியா ஏத்துங்க. கழற்ற முடியலைன்னா தூக்கிப் பூட்டி வைங்க.

4. படகு நேரா ஏறுதான்னு பாருங்க. சாஞ்சா இழுக்குறதை நிறுத்தி, இறக்கி, திரும்ப ஏத்துங்க. தோள் கொடுத்து நிமிர்த்தப் பார்க்காதீங்க.

5. மூக்கு ரப்பர் கட்டையில முட்டினதும், வின்ச் பெல்ட்டோட நிக்காம ஒரு இரும்புச் சங்கிலியைப் படகு வளையத்துலருந்து நேரா டிரெய்லர் சட்டத்துல மாட்டுங்க. தூண்ல மாட்டாதீங்க. தூண் போனா சங்கிலியும் கூடவே போயிடும்.

6. பின்பக்கம் ரெண்டு மூலையிலும் ராட்செட் பெல்ட் போட்டு, டிரெய்லர் சட்டத்தோட சேர்த்து இறுக்குங்க. படகை உண்மையிலேயே பிடிச்சு வைக்கிறது இந்த பெல்ட்டுகள்தான்.

7. டிரெய்லரோட மொத்த எடையில 5 முதல் 10 சதவிகிதம் வண்டி கொக்கி மேல இருக்கணும். பின்பாரம் அதிகமானா டிரெய்லர் வேகத்துல பாம்பு மாதிரி ஆடும். வின்ச் தூணைக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ நகர்த்தி இதைச் சரிபண்ணலாம்.

லாரியிலயோ மினி லாரியிலயோ ஏத்தினா, பழைய டயர்களை அடியில போட்டு, ரெண்டு பக்கமும் மணல் மூட்டையால அண்டைக் கொடுங்க. நாலு மூலைக்கும் குறுக்குமறுக்கா கட்டுங்க. ஃபைபர் படகை ரொம்ப இறுக்கினா உடம்புல விரிசல் விடும். கயிறு படுற இடத்துல சாக்கை மடிச்சு வைங்க.

ரோட்டுலயும் இறக்கும்போதும்

உவரியில ஏத்தினா, திசையன்விளை வந்ததும் வண்டியை ஓரங்கட்டி எல்லா பெல்ட்டையும் ஒருதடவை இறுக்குங்க. முதல் சில கிலோமீட்டர்லதான் பாரம் அமுங்கி கட்டு தளரும். படகுக்குள்ள ஆள் உட்கார்ந்து வர வேணாம், எவ்வளவு அவசரமா இருந்தாலும். தெருவுல தாழ்வாப் போற கரன்ட் கம்பியைப் பார்க்க ஒருத்தர் முன்னாடி நடக்கட்டும். வண்டியைத் தாண்டி பின்னால நீட்டிக்கிட்டு இருக்குற சுமைக்குச் சட்டத்துல கட்டுப்பாடு இருக்கு. வெள்ள மீட்புக்குப் போறதா இருந்தா மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு, 1077-க்குச் சொல்லிட்டுக் கிளம்புங்க. எந்த ஊருக்குப் போகணும்கிறதும் அப்போ தெளிவாகும்.

இறக்கும்போது நடக்குற பெரிய தப்பு, சரிவுல இறங்குறதுக்கு முன்னாடியே எல்லாக் கட்டையும் அவிழ்க்கிறது. பின் பெல்ட்டை முதல்ல எடுக்கலாம். முன் சங்கிலியையும் வின்ச்சையும் படகோட பின்பக்கம் தண்ணியில மிதக்க ஆரம்பிச்ச பிறகுதான் எடுக்கணும். இல்லைன்னா படகு சிமென்ட் சரிவுலயே வழுக்கி விழும்.

வீட்டுக்கு வந்ததும் டிரெய்லரை நல்ல தண்ணியில கழுவுங்க. வின்ச் பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைங்க. அரை மணி நேர வேலைதான், ஆனா உப்பு தின்ன ஆரம்பிச்ச இரும்பு வெளியே சொல்லிக்காது.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

* தண்ணி இறைச்சாச்சா?
* தூண் ஆடுதா? வெல்டிங் சரியா?
* கயிறுல முடிச்சு, நைப்பு இருக்கா?
* சங்கிலி சட்டத்துல மாட்டியாச்சா?
* பின் பெல்ட் ரெண்டும் இறுக்கமா?
* கயிறு நேர்ல யாராவது நிக்கிறாங்களா?
* படகுக்குள்ள ஆள் இருக்காங்களா?

இந்த ஏழையும் பார்க்க அஞ்சு நிமிஷம்கூட ஆகாது. எங்கேயோ ஒரு மொட்டை மாடியில யாரோ காத்துக்கிட்டு இருக்காங்கன்னு மனசு பதறும்போதுதான் அந்த அஞ்சு நிமிஷம் ரொம்ப முக்கியம். பாதி வழியில சரிஞ்ச படகு யாரையும் காப்பாத்தாது.