எலும்பு அறுத்த சங்கிலி

செயின்சாவின் வரலாற்றை இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வருகிறது. ஒரு கைப்பிடி, சுழற்றுவதற்கு ஒரு கைச்சக்கரம், நீண்ட தகட்டைச் சுற்றி ஓடும் பல் வைத்த சிறு சங்கிலி. 'செயின்சாவைக் கண்டுபிடித்ததே பிரசவம் பார்க்கத்தான்' என்று அதன் கீழே எழுதியிருப்பார்கள். அதிர்ச்சிப்பட்டோ சிரித்துக்கொண்டோ அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த வாக்கியம் பாதி உண்மை. படம்தான் தவறு. இதைப் பிரித்துப் பார்க்க நான் போனதற்குக் காரணம் எங்கள் மாட்டுக்கொட்டகையில் கிடந்த ஒரு பழைய மெஷின்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. விழுந்த மரத்தை அப்புறப்படுத்த ஆள் கிடைக்காத அந்த வாரங்களில்தான் அப்பா 58 சிசி பெட்ரோல் மெஷின் ஒன்றை வாங்கினார். அவர் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. சரிசெய்யலாம் என்று ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "வீட்டுல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லும்மா, அவங்ககிட்ட விவரம் சொல்றேன்" என்றார் அங்கிருந்தவர். மெஷினைத் திரும்ப எடுத்துவந்து, திண்ணையில் சாக்கை விரித்து நானே கழற்றினேன். கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள்தான். ஆனால் அம்மாவின் தையல் மெஷினைக் கழற்றிப் பூட்டி வளர்ந்தவளுக்கு ஸ்க்ரூ டிரைவர் புதிதில்லை.

முதலில் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்க்க வேண்டும். நெடுக்குவாட்டில் ஆழமான கீறல் இருந்தால் செலவு பெரிது. இல்லை. கோளாறு கார்புரேட்டரில் இருந்தது. பைக்கின் கார்புரேட்டரில் ஒரு மிதவை இருக்கும். வண்டி நிமிர்ந்தே ஓடுவதால் அது போதும். செயின்சாவைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்க வேண்டியிருப்பதால் மிதவைக்குப் பதில் டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு. பெட்ரோலைத் தொட்டியிலேயே விட்டு வருடக்கணக்கில் போட்டுவைத்தால், அது வற்றிப் பிசினாகி, சவ்வு அட்டை போல் விறைத்துவிடும். என்னுடையதைத் தட்டினால் சத்தம் கேட்டது. பெட்ரோல் குழாய் கையில் பொடிந்தது. சவ்வு, குழாய், ஃபில்டர், ஸ்பார்க் பிளக் நான்கையும் மாற்றினேன். ஏர் ஃபில்டரை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தேன்.

அதிக நேரம் எடுத்தது சங்கிலிதான். அதன் பற்கள் வலம், இடம் என்று மாறி மாறி அமைந்தவை. 4.8 மில்லிமீட்டர் வட்ட அரத்தை 30 டிகிரி சாய்வில் வைத்து, உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும், இழுக்கக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேய்க்க வேண்டும். ஒரு பக்கப் பற்கள் நீளமாகிவிட்டால் வெட்டு நேராக இறங்காமல் வளைந்து போகும். 40-க்கும் மேற்பட்ட பற்களைத் தீட்ட இரண்டு மாலைகள் ஆயின. சங்கிலியில் பல் வைக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்ற கேள்வி அப்போது வந்ததுதான்.

ஜான் எய்ட்கன் என்ற எடின்பரோ மருத்துவர் 1785-இல் வெளியிட்ட பேறுகால மருத்துவ நூலில் அது இருக்கிறது. கடிகாரச் சங்கிலி போன்ற மெல்லிய சங்கிலி, ஓர் ஓரத்தில் பற்கள், இரு முனையிலும் கைப்பிடி. எலும்புக்குப் பின்னால் அதை நுழைத்து, இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுத்து அறுக்க வேண்டும். எந்த எலும்பை? அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பு வளையத்தின் முன்பக்கம் இரண்டு எலும்புகள் குருத்தெலும்பால் சேர்கின்றன. குழந்தை வழியில் சிக்கிக்கொண்டால் அந்த இணைப்பைப் பிளந்து வழியை அகலமாக்குவது அன்றைய மருத்துவத்தின் புதிய யோசனை. சிசேரியன் செய்தால் தாய் பிழைப்பது அரிதாக இருந்த காலம் அது. ஈதர் கொடுத்து மயக்கும் முறை 1846-க்குப் பிறகுதான் பரவியது. அதாவது, இந்த அறுவை நடந்தபோதெல்லாம் அந்தப் பெண் விழித்திருந்தாள்.

அந்த அறுவையை 1777 அக்டோபரில் பாரிஸில் செய்து பெயர் பெற்றவர் ழான்-ரெனே சிகோ. அவர் பயன்படுத்தியது கத்தி. பாரிஸ் மருத்துவர் பேரவை அவரைச் சிறப்பித்துப் பதக்கமே வார்த்தது. அந்தப் பெண்ணைப் பற்றி நமக்குக் கிடைப்பது குறைவு: மதாம் சூஷோ என்ற கணவர் வழிப் பெயர், எலும்பு வளையும் நோயால் குட்டையாகிப்போன உடல், ஏற்கெனவே இழந்த குழந்தைகள். இந்த முறை தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது. ஆனால் சிறுநீரை அடக்க முடியாத நிலை அவளோடு தங்கிவிட்டது. வெற்றி என்று மருத்துவ வரலாறு எழுதிய பக்கத்தில் இது ஒரு துணைக்குறிப்பு. பதக்கத்தைக் காட்டிலும் இந்தத் துணைக்குறிப்புதான் எனக்கு வரலாறாகப் படுகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் கிளாஸ்கோ உடற்கூறியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும் இதே போன்ற சங்கிலி ரம்பத்தைச் செய்வித்தார். அவர் நோக்கம் வேறு: அழுகிய மூட்டு எலும்பை வெட்டி எடுப்பது. இணையப் படத்தில் இருப்பதோ இன்னும் பிந்தியது. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஹைன 1830-இல் செய்த எலும்பு ரம்பம் அது. பொதுவான எலும்பு அறுவைக்கானது, பேறுகாலக் கருவி அல்ல. பார்வைக்கு இன்றைய செயின்சா போலவே இருப்பதால் எய்ட்கனின் கதையோடு ஒட்டிவிட்டார்கள். ஆனால் பெண்ணின் இடுப்பெலும்புக்கென்றே 1890-களில் இன்னொரு ரம்பம் வந்தது. ஃப்ளோரன்ஸ் நகரப் பேறுகால மருத்துவர் லியோனார்டோ ஜிக்லி செய்த முறுக்குக் கம்பி ரம்பம். அது இன்றும் எலும்பு, மூளை அறுவைக் கூடங்களில் இருக்கிறது.

இதைப் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். சிசேரியன் பாதுகாப்பானதாகிவிட்ட பிறகும், 1940-களிலிருந்து 1980-கள் வரை, அயர்லாந்தில் சுமார் 1,500 பெண்களுக்கு இந்த இணைப்புப் பிளப்பைச் செய்தார்கள். அங்கே சங்கிலி இல்லை, கத்திதான். காரணம்தான் கவனிக்க வேண்டியது. சிசேரியனைப் பலமுறை செய்ய முடியாது. அப்படியானால் கருத்தடை பற்றிப் பேச வேண்டிவரும். கத்தோலிக்கத் திருச்சபையும் சட்டமும் கருத்தடையைத் தடுத்திருந்தன. இடுப்பைப் பிளந்துவிட்டால் அவள் தொடர்ந்து பெற்றுக்கொண்டே இருக்கலாம். பலரிடம் ஒப்புதல் கேட்கவில்லை. தங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதே சிலருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. நடக்க முடியாமலும் சிறுநீரை அடக்க முடியாமலும் வாழ்ந்த முதியவர்கள் சங்கமாகக் கூடிப் போராடிய பிறகு, 2014-இல் அரசு 50,000 முதல் 150,000 யூரோ வரை இழப்பீடு அறிவித்தது.

சங்கிலி மரத்துக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926-இல் ஜெர்மனியில் செய்த மின்சார ரம்பம் அறுபது கிலோவுக்கு மேல் எடை. இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அடுத்த கால் நூற்றாண்டில் ஒருவரே தூக்கும் அளவுக்கு அது இளைத்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'ஒன்-மேன் சா' என்றே பெயரிட்டார்கள். போர்க்காலத்தில், 1942-இல் தொடங்கிய பெண்கள் மரவெட்டுப் படை, பிரிட்டனின் காடுகளில் கோடாரியாலும் இழுப்பு ரம்பத்தாலும் மரம் சாய்த்துக்கொடுத்திருந்தது. 1946-இல் அதைக் கலைத்துவிட்டார்கள். எடை குறைந்த மெஷின் வந்தபோது அந்தப் பெண்கள் காட்டில் இல்லை. நான் தீட்டிய பல்லின் வளைந்த வடிவம் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசஃப் காக்ஸ் 1940-களில் கண்டது. மரத்தைக் குடையும் வண்டுப் புழுவின் தாடை வலமும் இடமும் மாறி மாறிக் கடிப்பதைப் பார்த்து அவர் அமைத்தார்.

இனி ட்யூனிங். லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில் என்பது என் மெஷினின் கணக்கு. புடவையோ துப்பட்டாவோ கூடவே கூடாது. நான் போட்டது அப்பாவின் பேன்ட்டும், பூட்ஸும், கண்ணாடியும். மெஷின் சூடேறிய பிறகு மூன்று ஸ்க்ரூக்களைத் திருப்ப வேண்டும். 'எல்' என்பது மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அளவுக்கு. ஐடில் ஸ்க்ரூவை, இன்ஜின் நிற்காமலும் சங்கிலி நகராமலும் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். 'எச்' முழு வேகத்துக்கு. இதில்தான் காது வேண்டும். பெட்ரோல் குறைந்தால் சத்தம் கீச்சென்று சுத்தமாக, கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது; அது குறைந்தால் பிஸ்டன் காய்ந்து பிடித்துவிடும். எனவே சும்மா ஓடும்போது சற்றே கரகரக்கும்படி வைத்து, மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு அடங்குகிறதா என்று கேட்க வேண்டும்.

வாசலில் கிடந்த பூவரசம் துண்டில் வைத்துப் பார்த்தேன். பல் மழுங்கியிருந்தால் மாவு போலத் தூள் கொட்டும். எனக்குச் சீவல் சீவலாக விழுந்தது.