கர்ணனின் குதிரைகளும் கல்வராயன் மலையும்

களமருதூர்ப் பக்கத்து டூரிங் கொட்டாய்களில் கௌபாய் படம் போட்டால் மணல் தரையில் இடம் பிடிக்கச் சிறுவர்கள் நாங்கள் ஓடுவோம். கர்ணன் படமென்றால் கேட்கவே வேண்டாம். ஒளிப்பதிவாளராக இருந்து இயக்குநரானவர் அவர். 1970இல் ‘காலம் வெல்லும்’, 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’, 1975இல் ‘எங்க பாட்டன் சொத்து’ என்று ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி ஓடவிட்டார். குதிரை பாய்ந்தால் கேமராவும் கூடவே பாயும். அந்தத் துணிச்சலை இன்றும் மதிக்கிறேன்.

ஆனால் அந்தப் படங்களின் குறை என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பணம் போதாததுதான் காரணம் என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1964இல் செர்ஜியோ லியோனி எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படமும் சிக்கனப் படம்தான். ஸ்பெயின் நாட்டு வறண்ட நிலம் மெக்சிகோ எல்லையாக நடித்தது. பிலிமைப் பாதியாக மிச்சம்பிடிக்கும் டெக்னிஸ்கோப் முறையில் எடுத்தார்கள். வசனத்தைப் பிறகு சேர்த்ததால் உதடு ஒருபக்கம், பேச்சு ஒருபக்கம். கதைகூட ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘யோஜிம்போ’விலிருந்து எடுத்தது, வழக்கு வரை போனது. இருந்தும் லியோனி ஒரு முகத்தைக் காட்டிவிட்டு அவசரப்படாமல் காத்திருந்தார். என்னியோ மோரிக்கோனியின் இசை மிச்சத்தைப் பேசியது. நம் படங்களில் துப்பாக்கியைத் தூக்கியவன் வசனம் பேசி முடிக்க வேண்டும். துரத்தல் சூடுபிடிக்கும்போது பாட்டு வந்துவிடும்.

அதைவிடப் பெரிய குறை, படத்தில் வரும் ஊர் யாருடைய ஊர் என்பதே தெரியாது. யார் உழுகிறார், யாருக்கு வரி கட்டுகிறார், கொள்ளைக்காரனுக்கு ஏன் அஞ்சுகிறார்கள்? பதில் இருக்காது. தொப்பியும் பூட்ஸும் மட்டும் இருக்கும்.

இத்தனைக்கும் எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலை. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என மூன்று ஜாகீர்களாக மலை மக்களை ஆண்ட இடம் அது. ஜாகீர் ஒழிப்புச் சட்டம் 1963இல் வந்தும், மலை அரசின் கைக்கு வந்தது 1976இல்தான். கர்ணன் குதிரை ஓட்டிய அதே ஆண்டுகளில், திரையில் அவர் தேடிய தனி ராஜ்ஜியம் இங்கே நிஜமாகவே இருந்தது! நிலம், வரி, அதிகாரம், காடு எல்லாமும் அதில் உண்டு. அந்தக் கேமராவுக்கு இந்தக் கதை கிடைத்திருக்க வேண்டும்.

இன்று குதிரைப் படம் எடுக்க ஆசைப்படும் இளைஞர்கள் முதலில் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போங்கள். ஜாகீர் காலத்தைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்.