மிர்சாபூர் தட்டும் ஒரு டெயில்ஸ்டாக்கும்

"அட, இவ்வளவுதானா! இது நமக்கே தோணியிருக்குமே" என்று சொல்ல வைக்கிற கண்டுபிடிப்புக்கு பேட்டன்ட் தரலாமா? இந்தக் கேள்வியோடு பழைய தீர்ப்புகளைப் புரட்டியபோது, மிர்சாபூர் பாத்திர வழக்கில் அப்படியே நின்றுவிட்டேன்.

தட்டைக் கடைய, அதை லேத்தின் சுழலும் தலையில் சூட்டில் இளகும் பசையால் ஒட்டுவார்கள். இல்லையென்றால் சக்கில் பிடிப்பார்கள். மாட்டிக் கழற்றுவதிலேயே நேரம் போகும். சுழலும்போது தட்டு பிய்த்துக்கொண்டு பறக்கிற ஆபத்தும் உண்டு. இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், எதிர்ப்பக்கம் டெயில்ஸ்டாக்கின் கூர்முனையை வைத்துத் தட்டை அழுத்திப் பிடித்தது. 1951-இல் இதற்கு பேட்டன்ட் வாங்கியது. பிறகு பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் என்ற போட்டி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி பேட்டன்ட்டை ரத்து செய்தார். மேல்முறையீட்டு அமர்வு அதை மீட்டது. 1978-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் ரத்து செய்தது. டெயில்ஸ்டாக் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இது வெறும் பட்டறை மேம்பாடு என்பது அதன் முடிவு.

ஆனால் விடை தெரிந்தபின் எந்த விடுகதையும் சுலபம்தானே? அதனால்தான் இன்று நமக்குத் தோணுகிறதா என்று கேட்கக் கூடாது. அன்று, இதைப் பார்த்திராத ஒரு கைதேர்ந்த தொழில்காரருக்குத் தோணியிருக்குமா என்றுதான் கேட்கணும். தோணியிருக்கும் என்றால் அதைப் பூட்டி வைக்கக் கூடாது. பூட்டினால், பட்டறைக்காரர் தன் சொந்த லேத்தைத் தன் புத்தியால் ஓட்டவே இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்கணும்.