சித்திரக்கதையின் கதை: தலைப்பாகைக் கிழவரும் டெல்லி பிராணும்

இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் யார்? 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக சிவகாசியிலிருந்து மாயாவி கிளம்பி வந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்பது ஐம்பதைத் தாண்டிய எந்தத் தமிழ் வாசகருக்கும் மனப்பாடம். வரைந்தவர் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் உதடு பிதுங்கும். ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர் அவர். லண்டனிலிருந்து வந்துகொண்டிருந்த ‘வேலியன்ட்’ வார இதழுக்காக 1962-ல் வரைந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் படக்கதை இதழ்களில் ஓவியர் பெயரைப் போடும் வழக்கமே அநேகமாகக் கிடையாது. அமெரிக்காவில் பெயர் போட்டார்கள், சொத்தை எடுத்துக்கொண்டார்கள். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938-ல் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பிற்பாடு ஆயுள் முழுக்க வழக்கு மன்றப் படியேறினார்கள்.

ஜப்பானில் மட்டும் காற்று வேறு பக்கம் அடித்தது. போரில் தோற்று, சாப்பாட்டுக்கே வழியில்லாமல் கிடந்த நாட்டில், ஒசாகா மருத்துவ மாணவர் ஒருவர் 1947-ல் ‘புதிய புதையல் தீவு’ என்றொரு படக்கதை வரைந்தார். கதை சாகாய் ஷிச்சிமாவுடையது. படம் ஒசாமு தெசூகாவுடையது. மட்டமான தாளில் அச்சாகி மிட்டாய்க் கடைகளில் விற்ற அந்தப் புத்தகம் நான்கு லட்சம் பிரதிகள் போனதாகச் சொல்வார்கள். டாக்டர் பட்டத்தை வாங்கி வைத்துவிட்டுத் தெசூகா படம் வரையவே உட்கார்ந்தார். 1952-ல் ‘ஆஸ்ட்ரோ பாய்’, 1972 முதல் பத்தாண்டுக்கு மேல் நம் கபிலவஸ்துவையும் கயையையும் களமாகக் கொண்ட ‘புத்தர்’. அவருக்குப் பிறகு அங்கே மங்கா என்ற படக்கதையை வரைபவர்தான் ராஜா. கதையும் அவர், படமும் அவர். வாசகர் கடைக்காரரிடம் அவர் பெயரைச் சொல்லித்தான் புத்தகம் கேட்பார். பாத்திரத்தின் உரிமையும் பெரும்பாலும் அவர் கையிலேயே இருக்கும்.

இந்தியாவில் அப்படி வாழ்ந்தவர் என்று விரல் மடக்க வேண்டுமானால் நான் முதலில் மடக்குவது டெல்லி பிராணை. முழுப்பெயர் பிராண் குமார் சர்மா. தமிழ்நாட்டுச் சிறுவர்களிடம் அவர் பெரிதாக வந்து சேரவில்லை. நமக்கு சிவகாசி போதுமானதாக இருந்தது. விந்திய மலைக்கு வடக்கே ‘சாச்சா சௌத்ரி’ என்று சொல்லிப் பாருங்கள், ஐம்பது வயது வங்கி அதிகாரியின் முகம்கூட மலரும். கரோல் பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வளர்ந்த டெல்லித் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இந்தி எழுத்துக் கூட்டப் பழகியதே அவரைப் படிக்கத்தான்.

1938 ஆகஸ்ட் 15 அன்று கசூரில் பிறந்தவர் பிராண். லாகூருக்குத் தெற்கே உள்ள ஊர், இன்று பாகிஸ்தான். அவருக்கு ஒன்பது வயது நிறைந்த நாளில்தான் நாடு விடுதலையடைந்தது. அதே வேகத்தில் அவர் ஊர் அவருக்கு அந்நிய நாடாகவும் ஆனது. குடும்பம் குவாலியரில் ஒதுங்கியது. பிறகு டெல்லி. அங்கே ‘கேம்ப் காலேஜ்’ என்றொரு கல்லூரி இருந்தது. பிரிவினையில் அகதிகளாக வந்து, பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படித்த பஞ்சாபிகளுக்காகத் தொடங்கப்பட்டது. பிராண் அங்கே அரசியல் அறிவியலில் எம்.ஏ. முடித்தார். பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியின் ஐந்தாண்டுப் படிப்பையும் தனித் தேர்வராகவே எழுதினார்.

1960-ல் டெல்லியில் கார்ட்டூன் என்றால் அரசியல். ‘சங்கர்ஸ் வீக்லி’ கோலோச்சிய காலம். சங்கர், குட்டி, ஓ.வி. விஜயன் என்று தலைநகரத்துக் கார்ட்டூன் ஏறக்குறைய மலையாளிகளின் குடும்பத் தொழில் மாதிரி இருந்தது. அரசியல் அறிவியல் படித்த பையன் நேருவின் ரோஜாவையும் கிருஷ்ண மேனனின் கைத்தடியையும் வரைந்து பிழைத்திருக்கலாம். பிராண் அந்தப் பக்கம் நிலைகொள்ளவில்லை. ‘மிலாப்’ நாளிதழில் ‘டாபூ’ என்ற பதின்ம வயதுப் பையனை வைத்துப் படத்தொடர் ஆரம்பித்தார். மிலாப்பும் லாகூரிலிருந்து பிரிவினையோடு டெல்லிக்கு வந்து சேர்ந்த பத்திரிகைதான். அகதிப் பையன், அகதிக் கல்லூரி, அகதிப் பத்திரிகை. இன்றைய டெல்லியின் பாதிக் கதை இதுதான்.

அன்றைக்கு இந்தியப் பத்திரிகைகளில் படத்தொடர் என்றால் வெளிநாட்டுச் சரக்கு. நாம் வேதாளர் என்று கொண்டாடிய ஃபேண்டம், மந்திரவாதி மாண்ட்ரேக், விண்வெளி வீரர் ஃபிளாஷ் கார்டன். 1964-ல் இந்திரஜால் காமிக்ஸ் வந்து வேதாளரை வீட்டுக்கு வீடு சேர்த்தது. வெளிநாட்டில் ஏற்கெனவே வரைந்து முடித்த தொடரைக் குறைந்த கட்டணத்துக்கு வாங்கிப் போட்டால் ஆசிரியருக்கு வேலை மிச்சம். உள்ளூர் ஓவியரிடம் வாராவாரம் படம் கேட்டு நச்சரிக்க வேண்டாம். இந்த வசதியான ஏற்பாட்டை எதிர்த்து அந்த ஆண்டுகளில் இரண்டு பேர் கிளம்பினார்கள். ஒருவர் அனந்த் பை. 1967-ல் டெல்லியில் தொலைக்காட்சி வினாடி வினா ஒன்றைப் பார்த்தார். கிரேக்கப் புராணத்துக்கு விடை சொன்ன பிள்ளைகளுக்கு ராமனின் தாய் பெயர் தெரியவில்லை. அந்த ஆதங்கத்தில் பிறந்தது அமர் சித்திரக் கதை. பை புராணத்துக்குப் போனார். பிராண் தெருவுக்குப் போனார். எனக்கு இரண்டாவது வழிதான் கடினமானதாகப் படுகிறது. ராமனுக்குக் கதை தயாராக இருக்கிறது. மளிகைக் கடைக்குப் போய் வரும் கிழவருக்கு வாராவாரம் கதை கட்ட வேண்டும்.

அந்தக் கிழவர் 1971-ல் வந்தார். டெல்லியிலிருந்து 1969 முதல் வெளிவந்த இந்திச் சிறுவர் இதழ் ‘லோட்போட்’. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் பார்க்கும் மோட்டு பட்லு பிறந்ததும் இதே இதழில்தான். அதில்தான் சாச்சா சௌத்ரி முதன்முதலாகத் தலைகாட்டினார். குள்ள உருவம், வழுக்கையை மறைக்கும் சிவப்புத் தலைப்பாகை, வாயை மூடும் வெள்ளை மீசை, கோட்டு, கையில் தடி. ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார்; பாகப்பிரிவினையிலிருந்து பசுமாடு தொலைந்தது வரை அவரிடம்தான் போவார்கள். வேதாளருக்குத் தசை, மாண்ட்ரேக்குக்கு மாயம், சௌத்ரிக்கு அனுபவம். இவருடைய மூளை கம்ப்யூட்டரைவிட வேகம் என்ற வாசகம் கதைக்குக் கதை வந்தது. கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்திராத ஊர்களில் பிள்ளைகள் அதைப் பழமொழி மாதிரி சொன்னார்கள்.

உதைக்க ஆள் வேண்டுமே? அதற்கு சாபு. வியாழன் கிரகத்திலிருந்து வந்த ராட்சதன். சௌத்ரியின் மனைவி பீனி சுட்ட பராத்தாவைத் தின்று பார்த்துவிட்டு ஊர் திரும்ப மனமில்லாமல் தங்கிவிட்டவன். வழக்கமான கதை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பூரிக்கட்டையோடு பீனி வாசலில் நிற்கிறாள்; சௌத்ரி கடைக்குக் கிளம்புகிறார்; வழியில் திருடர்கள். சௌத்ரி ஒரு கணம் யோசித்துப் பொறி வைக்கிறார். கடைசியில் சாபு இருவரைச் சட்டைக் கழுத்தோடு தூக்குகிறான். சாபுவுக்குக் கோபம் வந்துவிட்டால் அடுத்த கட்டத்தில் எரிமலை ஒன்று வெடிக்கும். அது வியாழனில் வெடிக்கிறதாம்! வாயுக் கோளில் தரை ஏது, எரிமலை ஏது என்று யார் கேட்கப் போகிறார்கள்? வில்லன்களில் ராக்கா என்றொரு கொள்ளைக்காரன் உண்டு. தெரியாமல் மருந்தைக் குடித்துச் சாகாவரம் பெற்றவன். அவனை அடித்துத் தீர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் எங்கேயாவது அடைத்துப் போட வேண்டும், பிறகு அவன் வெளியே வர வேண்டும். தொடர்கதைக்காரனுக்கு இதைவிட வசதியான வில்லன் அமைய மாட்டான்.

பிராணின் கோடு பெரிய ஓவியக் கோடு அல்ல. அவரை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முகங்கள் திரும்பத் திரும்ப வரும். பின்னணியில் ஒரு சுவர், ஒரு மரம், முடிந்தது. வண்ணம் தட்டையாக இருக்கும். பிளாஸ்கோவின் நிழலும் வெளிச்சமும் பார்த்த கண்ணுக்கு இது பிள்ளைகள் கிறுக்கலாகத் தெரியலாம். ஆனால் அந்தத் தடித்த கோடு மலிவுத் தாளில், வண்ணம் ஒன்றின்மேல் ஒன்று விலகி அச்சானாலும் கலங்காது. வசனம் ஐந்தாறு சொற்களுக்கு மேல் போகாது. எழுத்துக் கூட்டும் குழந்தை தானாகவே படித்துவிடும். தன் வாசகன் யார், அவன் கையில் எந்தத் தாள் போய்ச் சேரும் என்பதை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்து வைத்திருந்த ஓவியர்கள் குறைவு.

சௌத்ரியோடு அவர் நிற்கவில்லை. முடி கண்ணை மறைக்கும் பில்லு, அணில் வளர்க்கும் சிறுமி பிங்கி, சம்பளம் போதாத ஆபீஸ் குமாஸ்தா ராமன், நடுத்தர வீட்டு இல்லத்தரசி ‘ஸ்ரீமதிஜி’ என்று ஒரு முழுத் தெருவையே குடியேற்றினார். ராமனை வைத்து மத ஒற்றுமையைச் சொன்ன ‘ஹம் ஏக் ஹைன்’ இதழை 1983-ல் பிரதமர் இந்திரா காந்தி வெளியிட்டார்.

1978-ல் தொடங்கிய டைமண்ட் காமிக்ஸோடு பிராண் சேர்ந்ததும்தான் வெள்ளம் கரை உடைத்தது. பழைய டெல்லியில் நகைக்கடைகளுக்குப் பேர்போன தரீபா கலான் சந்தும், அதற்குத் தெற்கே தரியாகஞ்சும் இந்தி மலிவுப் புத்தகத்தின் தலைமையிடங்கள். அங்கிருந்து கட்டுக்கட்டாக ரயிலேறிய காமிக்ஸ் பாட்னா, கான்பூர், ஜெய்ப்பூர் ரயில் நிலையக் கடைகளில் இறங்கியது. வாங்க முடியாத பிள்ளைகளுக்கு வாடகைக் கடை. சில்லறைக் காசுக்கு ஒரு நாள் படிக்கலாம். கோடை விடுமுறையில் ஒரே புத்தகம் ஒரு மொகல்லா முழுக்கச் சுற்றிவிட்டு அட்டை கிழிந்து திரும்பும்.

அட்டையில் பாருங்கள். பதிப்பகத்தின் வைர முத்திரை ஒரு மூலையில் இருக்கும். ‘பிராண்’ என்ற பெயர் தலைப்போடு ஒட்டிக்கொண்டு கொட்டை எழுத்தில் இருக்கும். அதாவது இது டைமண்டின் சௌத்ரி அல்ல, பிராணின் சௌத்ரி. உரிமையும் அவருடைய ‘பிராண் ஃபீச்சர்ஸ்’ நிறுவனத்திடமே இருந்தது. இந்தக் கட்டுரையை அவருக்காக எழுத வைத்தது சாபுவோ ராக்காவோ அல்ல, இந்த ஒரு விஷயம்தான். 130 டாலருக்கு எல்லாவற்றையும் விற்றவர்களின் தொழிலில், தன் கிழவரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மாரிஸ் ஹார்ன் தொகுத்த உலகக் காமிக்ஸ் கலைக்களஞ்சியம் இவரை இந்தியாவின் வால்ட் டிஸ்னி என்றது. எனக்கு அந்த ஒப்பீடு ஒட்டவில்லை. டிஸ்னி பெரிய நிறுவனம் கட்டிய முதலாளி. பிராண் மேசையில் குனிந்து உட்கார்ந்தே காலத்தைக் கழித்தவர்.

90-களில் கேபிள் டி.வி. நுழைந்தது, வாடகைக் கடைகள் மூடத் தொடங்கின. எண்ணிக்கைக்காக அள்ளிப்போட்டதில் கதைகளின் தரமும் சரிந்தது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தச் சரிவு எவ்வளவு என்பதற்கு ஒரு வினோதமான சாட்சி இருக்கிறார். யூகிச்சி யாமாமாட்சு, ஜப்பானிய மங்கா ஓவியர், 1948-ல் பிறந்தவர். 2004-ல், ஐம்பத்தாறாவது வயதில், இந்தியும் தெரியாமல் ஆங்கிலமும் தெரியாமல் டெல்லியில் வந்து இறங்கினார். ஜப்பானிய மங்காவை இந்தியில் அச்சடித்துத் தெருவில் விற்றுப் பணம் பண்ணுவது அவர் திட்டம். எடுத்துக்கொண்ட புத்தகம் ஹிரோஷி ஹிராட்டா 1962-ல் வரைந்த, ரத்தம் தெறிக்கும் சாமுராய் கதை. ஹிராட்டா பிராணைவிட ஒரு வயது மூத்தவர். ஜப்பானிய வாடகைப் புத்தகக் கடைகளுக்காக வரைந்து முன்னுக்கு வந்தவர். அந்தப் புத்தகம் தீண்டாமைக்கு ஆளான சமூகத்தவனை நாயகனாக்கி, அந்தச் சமூகத்தின் அமைப்புகளிடமிருந்தே எதிர்ப்பைச் சம்பாதித்துப் பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. டெல்லி நடைபாதையில் நின்று கூவியும் விற்பனை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஊர் திரும்பிய யாமாமாட்சு தன் அவமானங்களையே மங்காவாக வரைந்து 2008-ல் வெளியிட்டார். அதை 2012-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது நம் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், தமிழ் மர்மக் கதைகளைத் தொகுத்துப் பெயர் வாங்கிய அதே பிளாஃப்ட். இருபது ஆண்டு முன்னால் வந்திருந்தால் யாமாமாட்சுவின் புத்தகக் கட்டுகளில் பாதியாவது தீர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

பிராண் கடைசிவரை வரைந்துகொண்டிருந்தார். 2014 ஆகஸ்ட் 5 அன்று, 76 வயதை எட்டப் பத்து நாள் இருக்கையில், புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். உயிரோடு இருந்த 54 ஆண்டு உழைப்புக்கு அதைக் கொடுக்க அரசுக்கு நேரம் வாய்க்கவில்லை. 2021-ல் கங்கைத் தூய்மைத் திட்டத்துக்கு சாச்சா சௌத்ரியைச் சின்னமாக்கினார்கள். 2023-ல் வாக்காளர்களுக்குப் பாடம் சொல்லத் தேர்தல் ஆணையம் அவரை அழைத்தது. ஓவியருக்குத் தாமதித்த அரசு, பாத்திரத்தைத் தயங்காமல் வேலைக்கு எடுத்துக்கொண்டது. உரிமை இன்றும் பிராணின் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

அடுத்த வாரம் டெல்லியின் வடக்கு ஓரம், புராரி. 1986-ல் அங்கிருந்து நாகராஜ் என்ற காமிக்ஸ் நாயகர் கிளம்பி வந்து சௌத்ரியின் வாசகர்களில் பாதிப் பேரைப் பிடுங்கிக்கொண்டார்.

(தொடரும்)